அக்காவின் பருத்திக்காட்டில் ஜாகுவார்

எங்கள் பக்கத்தில் என் முகத்தைப் பார்த்து யாரும் வணக்கம் சொல்வதில்லை. வாயைத் திறந்தால்தான் சொல்வார்கள். "அட, நீங்களா! தெனமும் கேக்குற குரலாச்சே" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அறிவிப்புச் சொல்லிப் போகிறவன் நான். வீடு செந்துறையில். கத்துவது அரியலூர், பெரம்பலூர் என்று இரண்டு மாவட்டத்துச் சாலைகளிலும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, ஏலாக்குறிச்சிக்குத் திருவிழா பஸ், வாலிகண்டபுரத்தில் அன்னதானம், நாளைக்கு மின்தடை, குழாயில் தண்ணீர் வராது, இன்னாருடைய தகப்பனார் காலமானார். எல்லாவற்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே ராகம். நான் சாவுச் செய்தி சொன்னால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கேட்பதாக என் மனைவி சொல்லுவாள்.

பஞ்சாயத்து அறிவிப்புகளும் என் வாய் வழியாகத்தான் வரும். அதனால் இந்தக் குரல் கேட்டால் அது கவர்ன்மெண்டு என்று சுற்றுவட்டாரத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் கெடுத்ததில்லை. சும்மா வருகிற மரியாதையை எதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும்?

இந்தக் குரலால் என் அக்காவின் பருத்தி மூன்று நாள் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அக்கா வாக்கப்பட்டது செந்துறையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வரும் சின்ன ஊர். மாமாவுக்குத் திருப்பூரில் வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வந்து, காட்டைச் சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். விதைப்பது முதல் விற்பது வரை அக்காதான். ஓர் ஓடை ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் கரிசல், அக்காவின் நிலம். அந்தப் பக்கம் செம்மண், கண்ணுக்கு எட்டிய வரை முந்திரிக்காடு. முந்திரிக்காட்டில் குடியிருப்பவை காட்டுப் பன்றிகள். முந்தைய வருசம் அக்கா மக்காச்சோளம் போட்டிருந்தாள். கதிர் முற்றியதும் பன்றிகள் குடும்பத்தோடு வந்து, தின்றது போக மிச்சத்தில் படுத்துப் புரண்டுவிட்டுப் போயின. "இந்த வருசம் பருத்தி. பஞ்சத் தின்னட்டும் பாப்போம்" என்று அக்கா சபதம் போட்டாள். பன்றிகள் தின்னவில்லை. பொங்கல் முடிந்த கையோடு காடு முழுக்க வெடித்து, வெள்ளையாக நின்றது.

வெடித்த பருத்தியைச் செடியில் விட்டு வைக்கக் கூடாது. மழை தொட்டால் கறுத்துப்போகும். வியாபாரி வந்து விரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகு பேசாமல் செருப்பைத் தேடுவார். அந்த வாரம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தை மாசத்தில் மழைக்கு எங்கள் ஊரில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அக்கா பருத்தி எடுக்க ஆட்களுக்குச் சொல்லிவிட்டாள். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், நான் அன்று மத்தியானம் போனைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி ஒரு வீடியோ பார்த்தேன். ஜாகுவார் வேட்டை. சிறுத்தைக்குப் பெரியப்பா மகன் மாதிரி ஒரு மிருகம். தலை பெரிது, கால் குட்டை, கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. எங்கள் ஊர் சிமெண்டு லாரி ஒன்றுக்கு மஞ்சள் அடித்துப் புள்ளி வைத்தால் அப்படித்தான் இருக்கும்.

பெரிய ஆறு. மணல் கரையில் முதலை ஒன்று வாயைப் பிளந்து வெயில் காய்கிறது. முதலை பயப்படவும் ஒன்று உலகத்தில் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த முதலைக்கும் தெரியாது. புல்லுக்குள் ஜாகுவார் வருகிறது. வருகிறது என்றால் நடந்து வருவதுபோல் இல்லை, புல்லின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகிறது. ஒரு காலை வைக்கும், நிற்கும். காற்று அடித்தால் இன்னொரு காலை வைக்கும். துரத்திக்கொண்டு ஓடி மூச்சு வாங்குவதெல்லாம் அதற்குப் பிடிக்காதாம். கிட்டே போகும், இன்னும் கிட்டே போகும், அப்புறம் ஒரே தாவல். மற்ற பெரிய பூனைகள் தொண்டையைக் கவ்வும். இது பின்பக்கமாக வந்து மண்டை ஓட்டிலேயே பல்லை இறக்கும். ஆமை ஓட்டை நாம் பொருவிளங்காய் உருண்டையைக் கடிப்பதுபோலக் கடிக்கிறது. அந்த முதலையைத் தண்ணீருக்குள் அமுக்கி, புரட்டி, தன்னைவிட நீளமான உடம்பை வாயால் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறிப் போயே போய்விட்டது.

பின்னணியில் குரல் கொடுத்தவர், அவரும் என் தொழில்காரர்தான், அடித்தொண்டையில் உணவுச் சங்கிலியை விளக்கினார். ஆற்றோரப் புல்லை ஆட்டுக்குட்டி அளவு எலிப் பிராணி ஒன்று தின்னும். அந்தப் பிராணியையும் மீனையும் முதலை தின்னும். முதலை, எலி, மீன், பன்றி என்று எல்லாவற்றையும் ஜாகுவார் தின்னும். ஜாகுவாரைத் தின்ன ஆள் இல்லை. அது இல்லாமல் போனால் மேய்கிற சாதிகள் பெருகி, காடே மொட்டையாகிவிடும். இந்தச் சங்கிலியில் நான் எந்தக் கண்ணி என்று யோசித்துப் பார்த்தேன். அன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுக்கு மேலே இருக்கிறேன், அதில் சந்தேகமில்லை. மற்றபடி எல்லாவற்றுக்கும் கீழே.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் அங்கே இதே பேச்சு.

"முந்திரிக்காட்டுல புள்ளி போட்ட மிருகம் ஒண்ணு ஓடுச்சாம்ணே" என்றார் டீ மாஸ்டர்.

"யாரு பாத்தது?"

"பாத்தவன் காய்ச்சல்ல படுத்துட்டான்."

கிளாஸைக் கீழே வைத்தேன். "தலை பெருசா?"

"பெருசுதான்னான்."

"காலு குட்டையா இருந்துச்சா?"

"புல்லுக்குள்ள காலு எங்கண்ணே தெரியும்?"

"கழுத்து? கழுத்து எப்புடி இருந்துச்சு?"

டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்ணே, அவன் என்ன பொண்ணு பாக்கவா போனான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முந்திரிக்காட்டுக்கு எதிர்க்கரையில் அக்கா இருக்கிறாள். புள்ளி போட்ட மிருகம் என்றால் புள்ளி போட்ட மிருகம்தானே, அதில் என்ன பெரியப்பா மகன், சித்தப்பா மகன்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, எங்கள் குடும்பத்துக் குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டேன். அக்காவுக்கும் சொந்தக்காரர்கள் சில பேருக்கும் மட்டும். ஆனால் பதற்றத்தில் எனக்கு வீட்டுக் குரல் வராது. தொழில் குரல்தான் வரும்.

"அன்பார்ந்த பொதுமக்களே! செந்துறை சுற்றுவட்டார முந்திரிக்காடுகளில் கொடிய மிருகம் நடமாட்டம். இது முன்னால் வராது, பின்னால்தான் வரும். தொண்டையைப் பிடிக்காது, நேராக மண்டை ஓடுதான். குளத்தில் குதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு முன்பே நீந்தி அக்கரையில் நிற்கும். வயல்வெளியில் குனிந்து வேலை செய்யாதீர்கள், நாலு கால் பிராணி என்று நினைத்துவிடும். வரிசையாகப் போனால் கடைசி ஆளைத்தான் பிடிக்கும். எனவே அனைவரும் தவறாது..."

தவறாது வருகை தந்து சிறப்பிக்குமாறு என்று வாய் தானாகப் போகப் பார்த்தது. சட்டென்று விரலை எடுத்துவிட்டேன். குனிவது, கடைசி ஆள் இரண்டும் வீடியோவில் இல்லாதவை. தொழிலில் இருப்பவன் சரக்கை அப்படியே விற்க மாட்டான், கொஞ்சம் பாலிஷ் போடுவான்.

காலையில் போனைத் திறந்தால் என் குரல் எனக்கே வந்திருந்தது. பெரம்பலூர் ஜவுளிக்கடை முதலாளி அனுப்பியிருந்தார். அரியலூரில் மெடிக்கல் வைத்திருப்பவர் அனுப்பியிருந்தார். லெப்பைக்குடிகாட்டில் எனக்கு வேலை கொடுக்கும் பாய் போனே போட்டுவிட்டார்.

"தம்பி, பத்திரமா இருங்க. துபாய்லருந்து என் மச்சான் அனுப்பிருக்கான். கவர்ன்மெண்டே சொல்லிருச்சாம். அல்லாதான் காப்பாத்தணும்."

"பாய், அது என் குரலுதான் பாய்."

"அதான தம்பி சொல்றேன். உங்க வாயால வந்தா அது கவர்ன்மெண்டு சொன்ன மாதிரிதான?"

துபாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்த அந்தப் பதிவை முழுசாகப் போட்டுக் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, எழுந்து போய்க் கதவுக்குத் தாழ் போட்டேன். அன்பார்ந்த பொதுமக்களே என்று அந்த ஆள் கூப்பிட்டபோது, பொதுமக்களில் நானும் ஒருத்தன் இல்லையா என்று தோன்றியது. பரண் மேலிருந்து ஹெல்மெட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மனைவி இட்லித் தட்டோடு நின்று பார்த்தாள். "என்னாங்க இது?"

"பின்மண்டைக்கு."

"ரோட்டுல போலீசு மறிச்சப்பகூட போடாத மனுசன், வூட்டுக்குள்ள போட்டுருக்கீங்க. இட்லி எப்புடி உள்ள போவும்?"

"கண்ணாடியத் தூக்குனா போவும்."

"போவும் போவும். சட்னிய எங்க ஊத்தட்டும், மேல ஓட்டை இருக்கா?"

தெருவில் இறங்கிப் பார்த்தால் என் சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் குடத்தைக் கவிழ்த்துத் தலையில் மாட்டியிருந்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் பின்னோக்கி நடந்து போய்ச் சாக்கடையில் கால் வைத்தார். காட்டு வேலைக்குக் கிளம்பியவர்களில் யாரும் கடைசி ஆளாக இருக்கச் சம்மதிக்கவில்லை. அதனால் எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி, சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் அரியலூர் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய், அவர்கள் வேகத்திலேயே ஊர்வலமாக வந்தது.

அப்போதுதான் அக்காவின் போன்.

"டேய், என்னடா பேசி வச்சுருக்க?"

"அக்கா, வெளிய வராத. கதவச் சாத்திக்க."

"கதவச் சாத்திக்கிட்டு? காட்டுல வெடிச்சுத் தொங்குதே அத உங்கொப்பனா வந்து எடுப்பாரு?" என் அப்பா அவளுக்கும் அப்பா என்பது கோபத்தில் அவளுக்கு நினைவிருக்காது. "ஒரு ஆளு வரலடா. குனியக் கூடாதுன்னு சொல்லிட்டியாமே. குனியாம எப்புடிடா பருத்தி எடுக்குறது, ஏணி போட்டா?"

"உசுரு முக்கியம் அக்கா. அது மண்டைய..."

"வரட்டும்டா. வந்து அந்தப் பன்னிங்களத் தின்னட்டும். போன வருசம் என் சோளத்தத் தின்ன பன்னிக்கு எவனாச்சும் மைக்கு போட்டுச் சொன்னீங்களா? வானத்தப் பாத்தியா நீயி? நாளைக்கோ மறுநாளோ ஊத்தப் போவுது. என் வருசம் முழுக்க அந்தக் காட்டுல தொங்குதுடா." கடைசி வரியில் அவள் குரல் இறங்கிவிட்டது. அக்கா கத்தினால் எனக்குப் பழக்கம். இறங்கினால் பழக்கமில்லை.

கிளம்பினேன். ஹெல்மெட்டோடுதான். முந்திரிக்காட்டு ஓரத்தில் வனத்துறை ஜீப் நின்றது. காக்கிச் சட்டை போட்ட வனக்காப்பாளர் ஒருவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தரையில் தடம் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்திருக்கிறாரே என்று ஓடிப் போனேன்.

"சார், ஜீப்புல முதுக சாச்சுக்கிட்டுப் பாருங்க சார். பின்னால வரும்."

அவர் திரும்பினார். "அட, இந்தக் குரலு! நீங்கதானா அது? ராத்திரிலருந்து எனக்கு எத்தன போனு தெரியுமா?"

"பொதுநலம் சார்."

"நல்ல நலம். நீங்க சொன்ன பழக்கம் எல்லாம் ஜாகுவாரோடது சார். அது எந்த ஊருல இருக்குன்னு தெரியுமா? பிரேசில் பக்கம். இங்க வரணும்னா பாஸ்போர்ட்டு எடுத்து, விசா வாங்கி, திருச்சி ஏர்போர்ட்டுல எறங்கி, செந்துறை பஸ்ஸு புடிக்கணும்."

"அப்ப இது சிறுத்தையா சார்?"

"சிறுத்த வந்துருந்தாலும் நாயி, ஆட்டுக்குட்டின்னுதான் தேடும். ஆளக் கண்டா ஒதுங்கிப் போயிடும். ஆடு மாட்டக் கட்டி வைங்க, இருட்டுல தனியா அலையாதீங்கன்னு சொல்லுவோம், அம்புட்டுதான். ஆனா இது சிறுத்தையும் இல்ல. வாங்க, வந்து பாருங்க."

மண்ணில் தடம் பதிந்திருந்தது. பூனைப் பாதம் இல்லை. இரண்டாகப் பிளந்த குளம்பு.

"மானு" என்றார். "புள்ளிமான். தண்ணி தேடி வந்துருக்கு. புள்ளி போட்டதுதான், பாத்தவன் பொய் சொல்லல."

ஓர் இரவும் ஒரு காலையும் நான் பயந்து நடுங்கிய மிருகம் இலை தின்கிற மிருகம். உணவுச் சங்கிலியில் கீழேயிருந்து எண்ணினால் உடனே வந்துவிடும். அதைக் கண்டு பயந்த பிறகு, கருவாட்டுக்கு மேலே என்று எனக்கு நானே கொடுத்திருந்த இடம்கூடச் சந்தேகம்தான்.

"இப்ப என்ன சார் பண்றது?"

"பண்ணத வாயாலதான பண்ணீங்க? அதாலயே எடுங்க."

ஆட்டோவை எடுத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அக்கா ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் தெருத்தெருவாகச் சுற்றினேன். "அன்பார்ந்த பொதுமக்களே! வந்தது புள்ளிமான். யாரும் பயப்படத் தேவையில்லை. வழக்கம்போல் குனிந்து வேலை செய்யலாம்." இதைச் சொல்லச் சொல்ல, திறந்திருந்த கதவுகளும் சாத்திக்கொண்டன. ஆட்டோவை நிறுத்திக் காதைக் கொடுத்தால் காரணம் தெரிந்தது.

"பாத்தியா, அவரையே மாத்திச் சொல்ல வச்சுட்டாங்க" என்றார் ஒருவர்.

"மேலருந்து பிரஷரு" என்றார் இன்னொருவர். "நேத்து எப்புடி தெளிவா சொன்னாரு. இன்னிக்கு மொகமே சரியில்ல."

"மானுன்னா இவரு எதுக்கு ஹெல்மெட்டு போட்டுருக்காரு?"

 தலையில் ஹெல்மெட் இருப்பதே மறந்துபோயிருந்தது. கழற்றினேன். ஓடைப் பக்கம் ஏதோ சரசரத்தது. மறுபடி போட்டுக்கொண்டேன். மான் என்று புத்திக்குத் தெரியும். பின்மண்டைக்கு யார் போய்ச் சொல்வது?

கடைசியில் அக்காவே பருத்தி எடுக்க ஆள் கூட்டி வரும் அம்மாவின் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா சொன்னால்தான் அந்தத் தெருப் பெண்கள் வேலைக்கு இறங்குவார்கள். வாசலில் முறத்தை வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மானுதானாம்க்கா, ஜீப்புக்காரரே சொல்லிட்டாரு" என்றாள் அக்கா.

"அது மானோ மாடோ. மைக்செட்டுத் தம்பி என்ன சொன்னாப்ல? கடைசி ஆளத்தான் புடிக்கும்னாப்ல. எங்காளுங்கள்ல எவ கடைசில நிப்பா? அதான் சண்ட. அது தீந்தா வாரோம்."

"அதுக்கு என்ன பண்றது?"

இப்போது நிமிர்ந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "தம்பி நிக்கட்டும். எல்லாருக்கும் பின்னால, கடைசி ஆளா. தானும் ஒரு நெற புடிச்சு எடுக்கட்டும், சும்மா நிக்க வேணாம்."

"எனக்கு நாளைக்கு அரியலூர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வருவான்" என்றாள் அக்கா.

மறுநாள் காலை வானம் கிழக்கே சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. வந்தது ஒரு சின்னக் கூட்டம். வழக்கமாக வருகிறவர்களில் பாதிகூட இல்லை. காடோ அப்படியே வெள்ளையாக விரிந்து கிடந்தது. அக்கா வானத்தைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள், மடியைக் கட்டிக்கொண்டு முதல் செடி வரிசையில், முதல் நிறையில், இறங்கினாள். கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

நான் கடைசி. இடுப்பில் வேட்டியை மடியாகக் கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு. பருத்தி எடுப்பது பார்க்கச் சுலபம். அவர்கள் விரல் போனால் காய்க்குள்ளிருந்து பஞ்சு தானாக வந்து கையில் ஒட்டிக்கொள்கிறது. நான் இழுத்தால் பாதி வரும், பாதி ஓட்டில் நிற்கும், ஓட்டின் முனை நகக்கண்ணில் ஏறும். என்னை யாரும் கடைசியில் நிறுத்தியிருக்க வேண்டியதே இல்லை. நான் எடுத்த வேகத்துக்கு எங்கே விட்டிருந்தாலும் கடைசியில்தான் நின்றிருப்பேன்.

"தம்பி, பருத்தி எடுக்குறீங்களா, செடிக்குப் பேன் பாக்குறீங்களா?" என்றாள் பக்கத்து நிறைப் பெண்.

"எலைய எல்லாம் சேத்துப் போடுறாரு. வியாபாரி கீரைன்னு வாங்கிக்குவான்."

"பேசாதீங்கடி. கடைசி ஆளுக்குக் கோவம் வந்துச்சுன்னா முன்னால வந்துருவாரு."

மத்தியானம் சோற்று மூட்டையைப் பிரிக்கவும் காற்று குளிர்ந்தது. கிழக்கே இடி உருண்டது. பாதிக் காடுகூட ஆகவில்லை. அக்கா சாப்பிடவே உட்காரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கினாள். அவளைப் பார்த்துவிட்டு நானும் எழுந்தேன். நிஜமாகவே வேகமாக எடுக்கலாம் என்று முதல் முறையாகக் குனிந்து, தலையைச் செடிக்குள் விட்டேன்.

பின்னால் ஓடைச் சரிவில் மண் சரிந்தது. முந்திரிச் சருகு நொறுங்கியது. மூச்சுச் சத்தம் கேட்டது. கனத்த, ஈரமான மூச்சு.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, அவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் "பொதுமக்களே!" என்று கத்தினேனாம். மைக் இல்லாமலே ஓடைக்கு அந்தப் பக்கம் வரை எதிரொலித்ததாம். பிறகு மடியிலிருந்த பருத்தி பின்னால் பறக்க, செடிகளைத் தாண்டி, குனிந்திருந்த பெண்களைத் தாண்டி, சோற்றுத் தூக்குகளைத் தாண்டி, அக்காவையும் தாண்டி, வரப்பில் ஏறி நின்றேன். கடைசி ஆளாக இருந்தவன் காட்டிலேயே முதல் ஆள். திரும்பிப் பார்த்தால் ஓடைக்குள்ளிருந்து காட்டுப் பன்றி ஒன்று, அதன் பின்னால் கோடு போட்ட குட்டிகள் வரிசையாக. என் சத்தத்தைக் கேட்டு அவை மிரண்டு வந்த வழியே முந்திரிக்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தாய் முன்னால், குட்டிகள் பின்னால். கடைசிக் குட்டிக்கு மட்டும் என் மனம் இரங்கியது.

 பிறகு ஆள் கூட்டி வந்த அம்மா வரப்பில் உட்கார்ந்தார். சிரிக்க உட்கார்ந்தார். வாயில் முந்தானையை அடைத்தும் நிற்கவில்லை. "எம்மாடி, அந்த பிரேசில் புலி இவரு ஓடுனதப் பாத்துருந்தா வேட்டைய வுட்டுட்டுக் கை தட்டிருக்கும்" என்றார். அவ்வளவுதான். காடு முழுக்கச் சிரிப்பு. ஒருத்திக்குப் புரையேறியது. அக்காகூடச் சிரித்துவிட்டாள், கண்ணீர் வர.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "ஏய், வூட்டுல குந்திக்கிட்டு என்னடி பண்றீங்க? பன்னிக்குட்டிக்கு மைக்செட்டு தம்பி ஓடுனத வந்து பாருங்கடி. ஆமா, ஹெல்மெட்டோடதான். புலியும் இல்ல கிலியும் இல்ல. மழ வருது, இந்தப் பாவி மவ பருத்தி போவுது, ஓடியாங்க." இன்னொருத்தி தன் ஓரகத்திக்குப் போட்டாள். இன்னொருத்தி தங்கச்சிக்கு. நான் சுற்றிச் சுற்றிக் கத்தியபோது கதவைச் சாத்தியவர்கள், இப்போது சாக்கும் கையுமாக வரப்பில் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருத்திக்கும் முதலில் கதை வேண்டும். எங்கே நின்றேன், எதைத் தாண்டினேன், என்ன கத்தினேன். சொல்லிக்கொண்டே எடுத்தார்கள். தடவைக்குத் தடவை பன்றி பெருத்தது, என் வேட்டி சின்னதானது. யாரும் யாரையும் கடைசியில் நில்லென்று சொல்லவில்லை. அவரவர் கிடைத்த நிறையில் குனிந்தார்கள்.

நான் மூட்டை தூக்கினேன். எடுப்பதைவிட அது எனக்கு வந்தது. ஆட்டோவின் ஒலிபெருக்கிப் பெட்டிகளை எல்லாம் இறக்கி வரப்பில் போட்டுவிட்டு, சாக்கு சாக்காக அக்கா வீட்டுக்கு அடித்தேன். கடைசி நடைக்குத் திரும்பி வரும்போது முதல் சொட்டு கண்ணாடியில் விழுந்தது. காட்டில் ஒரு மூலை இன்னும் வெள்ளையாக இருந்தது. "வுடுங்க, வுடுங்க, அது போவட்டும்" என்று அக்கா கத்தினாள். இரண்டு பெண்கள் விடவில்லை. நனைந்துகொண்டே மடி நிறைய வழித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மிச்சத்தை மழை எடுத்துக்கொண்டது.

எடுத்ததை முழுக்க அக்கா வீட்டுக் கூடத்தில்தான் கொட்டினோம். ஈரம் பட்ட சாக்குகளைத் தனியாக வைத்தாள். மற்றதெல்லாம் சுவர் ஓரமாக ஏறி, டிவியை மூடி, காலண்டரில் பாதியை மறைத்தது. உட்கார இடமில்லை. ஓட்டின் மேல் மழை பேய்த்தனமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கை அள்ளி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டாவதும் அள்ளிப் பார்த்தாள். பிறகு அந்தக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தாள். விதை போட்ட நாளிலிருந்து அவள் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"மூலைல நின்னது போச்சு" என்றாள்.

"கொஞ்சம்தான் அக்கா."

"கொஞ்சமா? நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்துருந்தா நேத்தே முடிஞ்சுருக்கும்டா. மாமா வரட்டும், ஒண்ணு வுடாம சொல்றேன். மானப் பாத்து மைக்கு போட்டவன், பன்னிக்குட்டியப் பாத்து... நீ எல்லாம் ஒரு..."

நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். அடுத்த சொல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பருத்தியில் கன்னம் புதைய, வாய் லேசாகத் திறந்திருக்க, திட்டு பாதியில் நிற்க, அக்கா தூங்கிப்போயிருந்தாள்.